சாப்பாடும் உடம்பும் மனமும்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்நேரமும் அலுப்பு, சின்ன விசயத்துக்கும் கோபம். இது சாப்பாட்டாலும் வருமா?

வரும். எங்கள் பக்கத்துச் சாதாரண நாள் ஒன்றை எடுத்துப் பாருங்கள். விடிய எழும்பினால் சீனி போட்ட தேத்தண்ணி. பத்து மணிக்கு ஒரு பணிஸ், அதோடு இன்னொரு தேத்தண்ணி. மத்தியானம் தட்டு நிறையச் சோறும் ஒரு கறியும் சொதியும். பின்னேரம் திரும்பவும் தேத்தண்ணி, இரவுக்குப் புட்டு அல்லது பாண். வயிறு நிரம்பிவிடுகிறது. ஆனால் உள்ளே போனதில் பெரும்பங்கு மாச்சத்தும் சீனியும்தான். புரதமும் இரும்பும் பி விட்டமின்களும் தட்டின் ஓரத்தில் ஒரு கரண்டி அளவில் நின்றுவிடுகின்றன.

மூளை உடம்பின் எடையில் ஏறக்குறைய 2 சதவீதம். ஆனால் ஓய்வாக இருக்கும்போதே உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய 20 சதவீதத்தை அதுதான் எடுக்கிறது. இரும்பு குறைந்தால் ஒக்சிசன் கொண்டுபோகும் வேலை மட்டும் தடைப்படுவதில்லை. மூளையில் செய்தி கடத்தும் டோபமின் போன்ற பதார்த்தங்கள் உருவாவதற்கும் இரும்பு வேண்டும். அதனால்தான் இரத்தச்சோகை முகத்தில் தெரிவதற்கு முன்னரே அலுப்பு, கவனமின்மை, எரிச்சல் எல்லாம் தலைகாட்டுகின்றன. வேலைக்கு ஓடும் பெண்களும் மாதவிடாய் கூடுதலாகப் போகும் பெண்களும் இதை "எனக்கு மனசு சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பல வருடம் கடத்துவதுண்டு.

அதற்காக எல்லா அலுப்பையும் சாப்பாட்டின் தலையில் கட்டவும் கூடாது. தைரொயிட் குறைபாடு, சீனி வருத்தம், மனச்சோர்வு, நித்திரைக் குறைவு ஆகியவையும் இதே முகத்தோடுதான் வரும். சாப்பாட்டைத் திருத்தி மூன்று நான்கு கிழமையாகியும் மாற்றம் இல்லையென்றால் இரத்தம் சோதித்துப் பார்க்க வேண்டும்.

இரத்தம் குறைவு என்றார்கள். முருங்கையிலை சாப்பிட்டால் போதாதா?

முருங்கையிலை நல்ல உணவு. வளவில் நிற்கிறது, காசும் இல்லை. ஆனால் அதை மட்டும் நம்பி இருக்கும் பெண்களுக்கு எச்.பி., அதாவது இரத்தத்தின் ஈமோகுளோபின் அளவு, ஏறாமல் நிற்பதற்குக் காரணம் உண்டு. இலையிலும் பயறிலும் உள்ள இரும்பை உடம்பு கொஞ்சமாகத்தான் உறிஞ்சும். மீன், இறைச்சி, ஈரலில் உள்ள இரும்பு அதைவிட இலகுவாகச் சேரும். இரண்டையும் ஒரே சாப்பாட்டில் வைத்தால் மீனோ இறைச்சியோ இலையின் இரும்பையும் சேர்த்து இழுத்துக்கொடுக்கும். முருங்கையிலை வறைக்குள் ஒரு பிடி நெத்தலி போடுவது நாக்குக்கு மட்டும் நல்லதல்ல.

தேசிக்காய் இன்னொரு துணை. விட்டமின் சி இலையின் இரும்பைக் கரைந்த நிலையில் வைத்திருக்கும். ஆனால் அது சூட்டில் அழியும் என்பதால் சட்டியை அடுப்பால் இறக்கிக் கொஞ்சம் ஆறியபிறகு தேசிக்காய்ப் புளியை விடுங்கள். அடுப்பில் கொதிக்கும்போது விட்டால் புளிப்பு நிற்கும், சத்துப் போய்விடும். தேசிக்காய் இல்லாத நாளில் சாப்பாட்டோடு ஒரு கொய்யாப்பழம் போதும். நடுத்தர அளவுப் பழம் ஒன்றிலேயே ஒரு நாள் தேவைக்கு மேல் விட்டமின் சி இருக்கிறது.

கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு ஈமோகுளோபின் டெசிலீற்றருக்கு 12 கிராம், கர்ப்பிணிக்கு 11, ஆணுக்கு 13. இதற்குக் கீழே போனால் இரத்தச்சோகை. அந்த நிலையில் சாப்பாடு மட்டும் போதாது, இரும்புக் குளிசை வேண்டும். குளிசையைத் தண்ணீரோடு அல்லது தேசிக்காய்த் தண்ணீரோடு குடியுங்கள். பாலோடும் தேத்தண்ணியோடும் வேண்டாம். கர்ப்பிணிகளுக்குக் கல்சியக் குளிசையும் தருவார்கள்; இரண்டையும் ஒன்றாக விழுங்கினால் கல்சியம் இரும்பைத் தடுக்கும், ஆகவே ஒன்று பகலில், மற்றது இரவில். மலம் கறுத்துப் போகும், பயப்பட ஒன்றுமில்லை. வயிற்றைப் புரட்டினால் குளிசையை நிறுத்தாமல் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்துப் பாருங்கள்.

சோதிக்காமல் கடையில் இரும்புக் குளிசை வாங்கிக் குடிக்க வேண்டாம். எங்கள் நாட்டில் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் உள்ள குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்கும் எச்.பி. குறைவாகத்தான் காட்டும், ஆனால் இரும்பு உடம்பில் தேங்கிக் கெடுதல் செய்யும்.

அப்படியென்றால் தேத்தண்ணியை விடவேண்டுமா?

விடவேண்டியதில்லை. நேரத்தை மாற்றினால் போதும். தேயிலையின் துவர்ப்பு, சாப்பாட்டில் உள்ள இலை, தானிய இரும்பைப் பிடித்து வெளியேற்றிவிடும். சாப்பாட்டோடு குடித்தால் உறிஞ்சப்படும் இரும்பு பாதிக்கு மேல் குறையக்கூடும். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடித்தால் அந்தப் பாதிப்புப் பெரிதும் குறைகிறது. ஒரு சதமும் செலவில்லாத மாற்றம் இது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

சீனியையும் எண்ணிப் பாருங்கள். தேத்தண்ணிக்கு இரண்டு தேக்கரண்டி, நாளுக்கு ஐந்து தேத்தண்ணி என்றால் 10 தேக்கரண்டி, அதாவது 40 தொடக்கம் 50 கிராம். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சொல்லும் மேல் எல்லை ஏறக்குறைய 50 கிராம். 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது என்கிறது. பணிஸிலும் சோடாவிலும் உள்ள சீனியை இந்தக் கணக்கில் இன்னும் சேர்க்கவில்லை. ஒரேயடியாக நிறுத்தினால் நாலாம் நாள் பழையபடி திரும்பிவிடுவீர்கள். கிழமைக்கு அரைத் தேக்கரண்டியாகக் குறையுங்கள், நாக்கு பழகிவிடும். பனங்கட்டி கடிப்பது சீனியைவிடக் குறைவாகத்தான் போகும் என்பதால் அது நல்ல வழி, ஆனால் பனங்கட்டியும் இனிப்புத்தான்.

விடிய வயலுக்குப் போகவேண்டும். காலையில் சமைக்க நேரமில்லை.

பழஞ்சோறு இருக்கிறதே. வெறும் தேத்தண்ணியோடு வயலில் இறங்கிப் பத்து மணிக்குக் கைநடுக்கமும் சினமும் வருபவர்களுக்கு இதைவிட இலகுவான விடை இல்லை. இரவுச் சோறு ஆறியவுடன், சட்டியில் மணிக்கணக்காகக் கிடக்க விடாமல், கொதித்தாறிய தண்ணீர் மூடும்வரை விட்டு மூடி வையுங்கள். விடிய மோர், சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், உப்பு. இதில் இல்லாதது புரதம். ஆகவே பக்கத்தில் அவித்த முட்டை ஒன்று, அல்லது சுட்ட கருவாடு ஒரு துண்டு, அல்லது முதல்நாள் பயற்றங்கறி. நுரைத்து நாறினாலோ நூல்போல இழுபட்டாலோ கொட்டிவிடுங்கள். சூடான சோற்றை இரவு முழுக்கத் தண்ணீரில்லாமல் வைத்து விடிய சூடாக்கி உண்பதுதான் ஆபத்து. அதில் வளரும் கிருமியின் நச்சு சூடாக்கினாலும் போகாது.

அதுவும் முடியாவிட்டால் ஒரு பிடி கச்சானும் ஒரு வாழைப்பழமும். முறிகண்டியில் பஸ் நிற்கும்போது வாங்கும் கச்சான் பிரயாணத் தீனி மட்டுமல்ல. 100 கிராமில் ஏறக்குறைய 25 கிராம் புரதம். ஈரத்தில் கிடந்து பூஞ்சணம் பிடித்தது, சுருங்கிக் கறுத்தது, கசப்பது ஆகியவற்றை எறியுங்கள், வறுத்துத் தப்பவைக்கப் பார்க்காதீர்கள். அதில் இருக்கும் நச்சு ஈரலைத் தாக்கும், வறுக்கும் சூட்டில் முற்றாக அழியாது.

மீன் இறைச்சி விலை கூடிப்போச்சு. புரதத்துக்கு என்ன செய்வது?

முதலில் எவ்வளவு வேண்டும் என்று பார்ப்போம். உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம், 55 கிலோப் பெண்ணுக்கு நாளுக்கு 44 கிராம். ஒரு சுண்டு அரிசி ஏறக்குறைய 200 கிராம். அதில் 14 கிராம் புரதம் வந்துவிடும். இரண்டு பிடி பயறோ பருப்போ, அதாவது 60 கிராம், சேர்த்தால் இன்னொரு 14. ஒரு முட்டை 6. உள்ளங்கையில் பாதி அளவு மீன் துண்டு, 50 கிராம், 10. கூட்டினால் 44. முட்டையும் மீனும் இல்லாத நாளில் பயறு, கௌபி, கச்சானை இரட்டிப்பாக்குங்கள். அரிசியில் குறையும் லைசீன் என்ற புரதக்கூறு பயறில் உண்டு, பயறில் குறைவது அரிசியில் உண்டு. சோறும் பருப்பும் சேர்ந்து உண்பது அறிவான வழக்கம். பிழை எங்கே என்றால், பருப்புக்கறி என்று சொல்லி நாலு பேருக்கு ஒரு பிடி பருப்பைத் தண்ணியாகக் கரைப்பதில்தான்.

பயறை முளைக்கவிட்டால் விட்டமின் சி உண்டாகும், இரும்பைத் தடுக்கும் பைற்றேற்றும் குறையும். கழுவி எட்டு மணித்தியாலம் ஊறவிடுங்கள். தண்ணீரை முழுதாக வடித்து, ஈரத்துணியில் தளர்வாகக் கட்டி, வெயில் படாத இடத்தில் 12 தொடக்கம் 24 மணித்தியாலம் வையுங்கள். இடையில் இரண்டு முறை கழுவி வடிக்கவேண்டும். எங்கள் வெக்கையில் தண்ணீர் தேங்கினால் வழுவழுத்துப் புளித்துவிடும். அதுதான் பலருக்குப் பிழைக்கும் இடம். பச்சையாக வேண்டாம், பத்து நிமிடம் ஆவியில் அவித்துத் தேங்காய்ப்பூப் போடுங்கள்.

மீன் வாங்குவதென்றால் பெரிய மீனைத் தேடி அலைய வேண்டாம். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற குளங்களின் மீன் கடல்மீனின் புரதத்துக்குக் குறைந்ததல்ல. முல்லைத்தீவுக் கரையின் சூடை, சாளை போன்ற சின்ன மீன்களில் மூளைக்கு வேண்டிய ஒமேகா 3 கொழுப்பு நிறைய. நெத்தலியை முள்ளோடு சாப்பிட்டால் கல்சியமும் கிடைக்கும். கருவாடு என்றால் அரை மணித்தியாலம் இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவிட்டு அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கழுவுங்கள். கறிக்குத் தனியாக உப்புப் போடவேண்டாம். நாள் முழுவதற்கும் உப்பு ஒரு மட்டத் தேக்கரண்டிக்குள், 5 கிராமுக்குள், நிற்கவேண்டும்.

நாங்கள் சைவம். ஏதும் குறையுமா?

பி12 விட்டமின் குறையும். அது மரக்கறியில் இல்லை. கீரையிலும் இல்லை, பயறிலும் இல்லை. பாலும் தயிரும் முட்டையும் தினமும் சேர்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் தப்பும். பால்கூடச் சேர்க்காதவர்கள், வயதானவர்கள், பல வருடமாகச் சீனி வருத்தத்துக்கு மெற்போமின் குளிசை குடிப்பவர்கள் கவனிக்கவேண்டும். கால் விரல் விறைப்பு, எறும்பு ஊர்வதுபோன்ற உணர்வு, நாக்குப் புண், மறதி, மனம் மந்தமாதல் இதன் அறிகுறிகள். வயதானவரின் மறதியை "வயசு போச்சு" என்று விட்டுவிடாமல் பி12 அளவையும் கேட்டுப் பார்ப்பது நல்லது. கனகாலம் விட்டால் நரம்புச் சேதம் திரும்பாமலும் போகலாம்.

சீனி வருத்தம் இருக்கிறது. சோற்றை விட்டுக் குரக்கன் புட்டுச் சாப்பிட்டால் சரிதானே?

குரக்கனில் கல்சியம் மிக அதிகம், நார்ச்சத்தும் உண்டு. ஆனால் அதுவும் மாச்சத்துத்தான். சோற்றில் ஒரு தட்டை விட்டுக் குரக்கன் புட்டில் இரண்டு நீத்துப்பெட்டி சாப்பிட்டால் சீனி ஏறத்தான் செய்யும். பூநகரி மொட்டைக்கறுப்பன் போன்ற சிவப்புப் புழுங்கல் அரிசி தீட்டின வெள்ளையரிசியைவிட நல்லது. புழுக்கும்போது தவிட்டின் பி விட்டமின்கள் அரிசிக்குள் இறங்குகின்றன. அதிலும் அளவுதான் முதற்பேச்சு. தட்டின் பாதி மரக்கறியும் கீரையும், கால்வாசி மீன் அல்லது பருப்பு, மிச்சக் கால்வாசி சோறு. மரக்கறியையும் மீனையும் முதலில் சாப்பிட்டுச் சோற்றைக் கடைசியில் சாப்பிட்டால் சீனி மெதுவாக ஏறும். பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் வளவுக்குள் நடவுங்கள்.

மரவள்ளி, ஒடியல் பற்றி?

இரண்டும் பசி தாங்கும், புரதம் மிகக் குறைவு. மீன், பருப்பு, சம்பல் இல்லாமல் தனியே ஒரு நேரச் சாப்பாடாக வைக்காதீர்கள். மரவள்ளியில் சயனைட்டாக மாறும் நச்சு இருப்பதால் தோலைத் தடிப்பாகச் சீவி, துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் அவித்துத் தண்ணீரை வடியுங்கள். கசந்தால் சாப்பிடவேண்டாம். ஒடியல் மாவை ஊறவிட்டு மேல்தண்ணீரைப் பலமுறை வடிப்பது கசப்புக்காக மட்டுமல்ல. அவசரத்தில் அந்த வேலையைக் குறைத்தால் தலைச்சுற்றும் வாந்தியும் வரலாம்.

எவ்வளவு தண்ணீர் குடிக்கவேண்டும்? சிறுநீரக வருத்தம் கூடுகிறதே.

வெயிலில் வேலை செய்யும்போது தாகத்துக்குக் காத்திராமல் 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கப். சிறுநீர் இளமஞ்சளாக இருந்தால் போதுமானது. கடும் மஞ்சளாகிவிட்டால் ஏற்கெனவே பிந்திவிட்டீர்கள். தலையிடி, எரிச்சல், மந்தம் பலநேரம் இதுதான். வவுனியா போன்ற இடங்களில் காணப்படும் காரணம் தெளியாத சிறுநீரக நோய் தொடக்கத்தில் ஒன்றும் காட்டாது. இரத்தத்தில் கிரியாற்றினின் என்ற கழிவின் அளவையும் சிறுநீரையும் சோதித்தால்தான் தெரியும். ஏற்கெனவே அந்த நோய் உள்ளவர்களுக்கு இங்கே சொன்ன கீரை, பயறு அளவுகள் பொருந்தாது. இவற்றிலுள்ள பொற்றாசியம் இரத்தத்தில் கூடினால் இதயத்துக்கு ஆபத்து; கிளினிக்கில் தரும் அளவே அளவு.

நித்திரை வராமல் புரள்கிறேன்.

பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு தேத்தண்ணியும் கோப்பியும் வேண்டாம். அவற்றிலுள்ள கபேய்னில் பாதி உடம்பை விட்டுப் போக ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம் எடுக்கும். சாராயமோ கள்ளோ நித்திரையைக் கொண்டுவரும், பின்சாமத்தில் கலைத்துவிடும். இரவுச் சாப்பாட்டைப் படுக்கைக்கு இரண்டு மணித்தியாலம் முன் முடியுங்கள், பசியோடும் படுக்காதீர்கள்.

நல்ல சாப்பாடு மனச்சோர்வை மாற்றுமா?

துணை செய்யும். 2017இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், மனச்சோர்வு உள்ள 67 பேரில் ஒரு பகுதியினருக்கு 12 கிழமை உணவு ஆலோசனை கொடுத்தார்கள். மற்றவர்களுக்குப் பேச்சுத்துணை மட்டும். முடிவில் உணவை மாற்றியவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் அளவில் மனச்சோர்வு நீங்கிய நிலைக்கு வந்தார்கள்; மற்றப் பக்கத்தில் 8 சதவீதம். அவர்கள் சாப்பிட்டது மரக்கறி, பழம், பயறு வகை, மீன், தவிடு நீக்காத தானியம், கச்சான் போன்ற கொட்டைகள். எல்லாம் எங்கள் சந்தையில் கிடைப்பவை. ஆனால் அது சிறிய ஆய்வு. அதில் பெரும்பாலானோர் தங்கள் சிகிச்சையையும் தொடர்ந்தார்கள். ஆகவே குளிசையை விட்டுவிட்டுக் கீரையை நம்புவது பிழை.

மனநலக் குளிசை குடிக்கத் தொடங்கியபின் பசி அடங்குதில்லை, எடை ஏறுது.

ஒலன்சப்பீன் போன்ற சில மருந்துகள் பசியைக் கூட்டும். அது உங்கள் கட்டுப்பாடின்மை அல்ல. மருந்தை நிறுத்தாதீர்கள், திடீரென நிறுத்தினால் வருத்தம் திரும்பும். தொடங்கிய முதல் கிழமையிலிருந்தே எடையைக் குறித்து வைத்து, மாதத்தில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் வைத்தியரிடம் காட்டுங்கள். மருந்தை மாற்ற வழியுண்டு. பசி வரும்போது கைக்கு எட்டுவது பிஸ்கற் பெட்டியாக இல்லாமல் அவித்த கௌபி, வெள்ளரிக்காய், மோராக இருக்கட்டும். மனநிலை ஏற்றத்தாழ்வுக்குத் தரும் லித்தியம் குடிப்பவர்கள் உப்பையும் தண்ணீரையும் ஒரே அளவில் வைத்திருக்கவேண்டும். உப்பைத் திடீரெனக் குறைத்தாலும், வயல் வெயிலில் வேர்த்து வற்றினாலும், வயிற்றோட்டம் வந்தாலும் இரத்தத்தில் லித்தியம் ஏறி நஞ்சாகும்.

அம்மா இன்னும் அரிசியையும் பாணையும் ஒளித்து வைக்கிறா. சாப்பாடு மிஞ்சினால் பதறுகிறா.

இதைக் கேட்கும் வீடுகள் பல. பட்டினி மனிதரின் மனத்தை எப்படி மாற்றும் என்பது அளந்து பார்க்கப்பட்ட விசயம். 1944, 1945இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் 36 ஆரோக்கியமான இளைஞர்கள் தாங்களாக முன்வந்து 24 கிழமை அரைப்பட்டினி கிடந்தார்கள். எரிச்சல், சோர்வு, ஒதுங்குதல், எந்நேரமும் சாப்பாட்டு நினைவு எல்லாம் வந்தன. சாப்பாடு திரும்பக் கிடைத்தபின்னும் சிலரால் மாதக்கணக்கில் போதும் என்று நிறுத்த முடியவில்லை. அவர்கள்மேல் குண்டு விழவில்லை, பிள்ளையை இழக்கவுமில்லை. 2009இல் போரின் கடைசி மாதங்களில் உப்புக்கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்களின் உடம்பு அதை மறக்காததில் வியப்பில்லை. மே மாதத்தில் அதன் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சி வார்க்கும் நாட்களில் இந்தப் பதற்றம் கூடலாம்.

பகிடி பண்ணாதீர்கள், ஒளித்ததை எடுத்து எறியாதீர்கள். அவவுக்கென்று மூடியுள்ள ஒரு தகரப்பேணி கொடுத்து அரிசியோ பயறோ போட்டு வைக்கச் சொல்லுங்கள், பழுதாகாது. மூன்று நேரமும் குறித்த நேரத்தில் சாப்பாடு வரவேண்டும். நேரம் தவறுவதே பயத்தைக் கிளப்பும். கூட இருந்து சாப்பிடுங்கள். பேரப்பிள்ளைகளைத் தட்டு வழிக்கச் சொல்லி அடிக்கவந்தால், முதலிலேயே சின்ன அளவாகப் போட்டுவிடுங்கள். கனவில் அலறுதல், சாப்பிடவே மறுத்தல் இருந்தால் மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.

பிள்ளை சாப்பிடுகிறானில்லை. திரிபோஷா, சத்துமா, விட்டமின் பாணி எது கொடுக்கலாம்?

முதலில் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன் என்ன கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள். கடைப் பக்கற்றுத் தீனியும் இனிப்புப் பால்தேத்தண்ணியும் பசியைக் கெடுக்கும். திரிபோஷா என்பது அரச கிளினிக்கில் தரும் சத்துமா; எடை குறைந்த பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் கணக்கிட்டுக் கொடுப்பது. வீடு முழுக்கப் பகிர்ந்தால் பிள்ளைக்குப் போய்ச் சேராது. எள்ளுருண்டை, உழுத்தம்மாக் களி, முட்டையும் கச்சானும் விலைகூடிய டின் மாவைவிட மேல். மண் தின்றால் இரத்தமும் பூச்சியும் பார்க்கவேண்டும். எடை அட்டையின் கோடு மட்டமாகிவிட்டாலே குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள், கீழே இறங்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

விரதம் பிடிக்கலாமா?

ஆரோக்கியமானவர்கள் பிடிக்கலாம், தண்ணீர் மட்டும் விடாமல். இன்சுலினோ சீனிக் குளிசையோ எடுப்பவர்கள் கந்தசஷ்டிக்கு முன்னரே வைத்தியரிடம் அளவைக் கேட்டு மாற்றவேண்டும். வேர்வை, நடுக்கம், குழப்பம் வந்தால் விரதத்தை முறித்து உடனே மூன்று தேக்கரண்டி சீனி கரைத்துக் குடியுங்கள். லித்தியம் குடிப்பவர்களும் கர்ப்பிணிகளும் வேண்டாம்.

எப்போது சாப்பாட்டைப் பற்றிய யோசனையை விட்டு வைத்தியசாலைக்குப் போகவேண்டும்?

முயற்சியில்லாமல் ஆறு மாதத்துக்குள் உடல் எடையில் இருபதில் ஒரு பங்கு குறைந்தால். படியேறவே மூச்சு வாங்கினால். கறுத்துப் பிசுபிசுத்த மலம் இரும்புக் குளிசை குடிக்காமலே போனால். இரண்டு கிழமைக்கு மேல் நாளின் பெரும்பகுதி மனம் இருண்டு, பிடித்த சாப்பாடும் பிடிக்காமல் போனால். உயிரோடு இருந்து என்ன பயன் என்ற பேச்சு வாயில் வந்தால் அன்றைக்கே. அந்த ஆளைத் தனியே விடாமல், வயலுக்கு அடிக்கும் மருந்துப் போத்தல்களை வீட்டிலிருந்து அகற்றிவிட்டு, 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுங்கள். இரவிலும் எடுக்கலாம். ஏதும் குடித்துவிட்டால் உடனே 1990 அம்புலன்ஸ். போத்தலையும் கூடக் கொண்டுபோங்கள், வாந்தி எடுக்கவைக்க வேண்டாம்.